மழைக்குக் காத்திருந்த ஓவியர்

மண்வெட்டி பிடிக்கும் கைக்கும் தூரிகை பிடிக்கும் கைக்கும் வெகுதூரம் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். மாடு வளர்த்த கையினாலேயே அழியாத ஓவியங்களையும் தீட்டிய ஒருவரின் வரலாற்றை இவ்வாரம் நோக்குவோம். அவர்தாம் பீற்றர் ஹேர்ட்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலுள்ள றொஸ்வெல் நகரில் 1904 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஆண்டுக்குச் சுமார் 12 அங்குல மழையே பெறும் வறண்ட பிரதேசம் அது. படைத்தலைவராக விரும்பி 1921 இல் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆனால் உள்ளம் சித்திரத்திலேயே லயித்தது. இரண்டாண்டுகளில் அங்கிருந்து விலகிய அவர், பின்னர் பென்சில்வேனியாவில் என். சி. வையெத் என்பாரிடம் மாணவரானார். ‘புதையல் தீவு’ என்னும் கதைநூலுக்குப் படம் வரைந்து புகழ்பெற்றவர் வையெத். ஆசிரியரின் மூத்த மகளும் ஓவியருமான ஹென்றியெற்றை ஹேர்ட் 1929 இல் மணந்தார்.

பசுமை நிறைந்த பென்சில்வேனியாவிலேயே தங்கிச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் மனமோ பிறந்த மண்ணையே நாடியது. 1930களில் நியூ மெக்சிக்கோவின் சான் பற்றீசியோ என்னும் சிற்றூரில் நிலம் வாங்கிக் கால்நடைப் பண்ணை அமைத்தார்.

ஈரமற்ற அக்காற்றில் தொலைவிலுள்ள குன்றும் தெளிவாகத் தோன்றும். மண்ணின் நிறங்களோ மிக மெல்லியவை. அவற்றைக் காட்ட, பழைய இத்தாலிய ஓவியர் கையாண்ட ‘ரெம்பரா’ முறையை அவர் மேற்கொண்டார். நிறப்பொடியை முட்டையின் மஞ்சட்கருவுடனும் நீருடனும் குழைத்து, வெண்சாந்து பூசிய பலகையில் நுண்கோடுகளாகத் தீட்டுவது அம்முறை. வர்ணம் விரைவில் உலர்ந்துவிடும். பொறுமை மிக வேண்டும். தம் மைத்துனர் அன்றூ வையெத்துக்கும் இதனைக் கற்பித்தவர் ஹேர்டே. அன்றூவின் உலகப் புகழ்பெற்ற ‘கிறிஸ்ரீனாவின் உலகம்’ (1948) இம்முறையில் அமைந்த ஓவியமாகும்.

நீரிறைக்கும் காற்றாடி, தண்ணீர்த் தொட்டி, வேலி, குதிரைமேல் ஒரு மனிதன், தொலைவில் ஒரு மழைமேகம்: இவையே ஹேர்டின் படங்கள். வழிப்போக்கனுக்கு அம்மேகம் வெறும் அழகு. பண்ணைக்காரனுக்கோ மந்தை பிழைக்குமா என்னும் வினா. அவ்வினாவோடு வானத்தைப் பார்த்த கண்தான் அப்படங்களைத் தீட்டியது.

1938 இல் தம் பண்ணையிற் பணிபுரிந்த ஹோசே ஹெரேராவின் உருவத்தை வரைந்தார். பிற்காலத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சனையும் வரைய நேர்ந்தது. ஜனாதிபதி சிறிது நேரமே அமர்ந்தார், அப்போதும் உறங்கிவிட்டார். முடிந்த படத்தைக் கண்டு, தாம் கண்டவற்றுள் இதுவே மிக அவலட்சணமானது என்று கூறி ஏற்க மறுத்தார். இச்செய்தி 1967 இல் பத்திரிகைகளில் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அப்படத்தை ஹேர்ட் வாஷிங்டனிலுள்ள தேசிய உருவப்படக் கூடத்துக்கு நன்கொடையாக அளித்தார். ஊழியனுக்கு ஒரு வர்ணம், ஆட்சித் தலைவருக்கு வேறொரு வர்ணம் என்று அவர் வைத்திருக்கவில்லை.

1984 யூலை 9 ஆம் திகதி, பிறந்த நகரிலேயே அவர் மறைந்தார். தம் ஊரின் அழகைத் தீட்டவோ எழுதவோ விரும்பும் மாணவர், அம்மண்ணில் ஒரு போகமாயினும் வியர்வை சிந்திப் பார்ப்பாராக. கண் தானே திறக்கும்.