நூற்றில் ஒன்று

எங்கள் வீட்டில் இப்போது ஒரு புதிய கெட்ட வார்த்தை இருக்கிறது. 'சதவிகிதம்'. அம்மா காதில் விழும்படி யாரும் அதைச் சொல்லக்கூடாது.

போன வருடம் தம்பி ஃபுட்சல் ஆடப் போனான். யாரும் அவனை இடிக்கவில்லை, தள்ளவில்லை. பந்தோடு திரும்பினான், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டதாம். அரை மணி நேரத்தில் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்தபோது, முட்டியின் நடுவில் குறுக்காக ஓடும் நார் அறுந்திருந்தது. காற்பந்து பார்ப்பவர்களுக்கு 'ஏ.சி.எல்.' என்றால் உடனே புரிந்துவிடும்.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தோம். முதலாமவர் சிரித்த முகம். "கவலையே வேணாம்மா, ஆறே மாசத்துல பையன் பழையபடி ஓடுவான்" என்றார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். இரண்டாமவர் அரை மணி நேரம் பேசினார். படம் வரைந்து காட்டினார். "நடக்கிறது, மாடி ஏறுறது, வேலைக்குப் போறது, இதுல எல்லாம் எனக்குப் பெரிசா சந்தேகம் இல்லை. ஆனா பழைய மாதிரியே ஆடுவான்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, எத்தனை பேர் திரும்புகிறார்கள், எத்தனை பேருக்கு மறுபடி அறுகிறது என்று சதவிகிதக் கணக்கையும் சொன்னார்.

அம்மாவுக்குக் காரில் ஏறும் வரைதான் பொறுமை. "ஏன் இப்படி அபசகுனமா பேசுறாரு? நல்ல வார்த்தை ஒண்ணு சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தம்பி மட்டும், "அக்கா, இந்த டாக்டர்கிட்டயே செஞ்சுக்கலாம்" என்றான்.

ஏன் என்று அப்போது கேட்கவில்லை. சில வாரம் கழித்து, காலை நிகழ்ச்சிக்கு விளையாட்டுத் துணுக்கு ஒன்று தேடிக்கொண்டிருந்தபோது ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவரின் கதையைப் படித்தேன். ஒலிபரப்பில் அதற்கு இரண்டு நிமிடம்தான் கிடைத்தது. பாதி சொல்வதற்குள் போக்குவரத்துச் செய்தி வந்துவிட்டது. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜோப் 1925-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். பிறந்ததிலிருந்தே டாக்டர் கனவோடு வளர்ந்தவர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் 101-வது வான்வழிப் படைப்பிரிவில் மருந்துப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்தார். பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரை ஜெர்மானியப் படை சுற்றி வளைத்தபோது அவரும் அங்கே இருந்தார். குண்டு விழும் இடத்தில் நின்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். போர் முடிந்த பிறகுதான் மருத்துவம் படித்தார். சில ஆண்டுகள் சாதாரணக் குடும்ப மருத்துவர். அதன் பிறகே எலும்பு மருத்துவத்துக்குப் போனார். அந்தப் பயிற்சியை முடிக்கும்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. இருபத்தெட்டு வயதிலேயே 'நான் லேட்டோ' என்று என்னிடம் புலம்பும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

1965-ல் ராபர்ட் கெர்லன் என்ற மூத்த மருத்துவரோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் வீரர்களைக் கவனிக்கும் பொறுப்பும் வந்தது. நமக்குப் பேஸ்பால் பழக்கமில்லை. கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் போல அங்கே 'பிட்சர்' ஒருவர் இருக்கிறார். 18 மீட்டர் தூரத்தில் நிற்பவரை நோக்கி முழு வேகத்தில் எறிய வேண்டும். ஒரே ஆட்டத்தில் நூறு முறைகூட எறிவார். ஒவ்வொரு முறையும் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்வதுபோல் இழுபடும். அப்படிப் பிளக்காமல் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய நார். அது அறுந்தால் அந்த நாளில் ஒரே மருந்துதான்: வேறு வேலை தேடிக்கொள்வது. 'கை செத்துவிட்டது' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதே அணியின் மாபெரும் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ், வேறு காரணத்தால்தான் என்றாலும், முழங்கை மூட்டுவாதம் தாங்காமல் 1966-ல் 30 வயதில் ஓய்வு பெற்றார். உச்சத்தில் இருந்தபோதே.

1974 ஜூலை 17. டாமி ஜான் என்ற இடக்கை பிட்சர், வயது 31, அந்தப் பருவத்தில் 13 வெற்றி, 3 தோல்வி என்று கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். மான்ட்ரியல் அணிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவில் அந்த நார் போனது. ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். வீசிப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை.

ஜோப் மனத்தில் ஒரு யோசனை இருந்தது. போலியோ பாதித்தவர்களுக்கு உடலின் ஓர் இடத்து நாணை எடுத்து இன்னோர் இடத்தில் பொருத்தும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. கை அறுவை சிகிச்சை நிபுணர்கள் விரல்களுக்கு அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து எறிய வேண்டிய முழங்கைக்கு யாரும் செய்ததில்லை.

இப்போது வாசகர்கள் ஒரு நிமிடம் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டு, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கமாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல் ஒன்று எழும்பி நிற்கிறதா? அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அவர்களும் பானை தூக்குகிறார்கள், பைக் ஓட்டுகிறார்கள், ஒரு குறையும் தெரிவதில்லை. இல்லாவிட்டாலும் வாழ முடிகிற அந்தக் கயிற்றை டாமி ஜானின் வலது கையிலிருந்து எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, எட்டு வடிவில் கோத்துக் கட்டுவது என்பது ஜோப்பின் திட்டம்.

திட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதை அவர் சொன்ன விதம். மறுபடி பெரிய ஆட்டத்துக்குத் திரும்ப என்ன வாய்ப்பு என்று டாமி ஜான் கேட்டார். நூற்றில் ஒன்று என்றார் ஜோப். அறுவை சிகிச்சை இல்லையென்றால்? ஒன்றுமே இல்லை.

யோசித்துப் பாருங்கள். தன் அணியின் நட்சத்திரம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நிர்வாகம், வெளியே பத்திரிகைகள். 'பார்த்துக்கலாம் தம்பி' என்று தோளில் தட்டினால் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஜோப் அப்படிச் செய்யவில்லை. டாமி ஜான் யோசித்துவிட்டு, 'செய்துவிடுவோம்' என்று சொன்னதாக ஜோப் பிற்பாடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

செப்டம்பர் 25-ஆம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர் கூட இருக்கட்டும் என்று ஹெர்பர்ட் ஸ்டார்க் என்ற கை நிபுணரை ஜோப் உடன் வைத்துக்கொண்டார். அது வெற்றி என்று உடனே சொல்லிவிட முடியவில்லை. முழங்கையின் பின்னால் இடித்துக்கொண்டால் சுளீர் என்று விரல் வரை ஓடுமே, அந்த நரம்பு பாதிக்கப்பட்டது. டாமி ஜானின் விரல்கள் பறவை நகம்போல் மடங்கிக்கொண்டன. டிசம்பரில் மறுபடி திறந்து நரம்பை இடம் மாற்ற வேண்டியதாயிற்று. 1975 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

1976-ல் திரும்பி வந்தார். 10 வெற்றி, 10 தோல்வி. 1977-ல் 20 வெற்றி. பிறகு 46 வயது வரை, 1989 வரை, ஆடினார். மொத்தம் 288 வெற்றிகள்; அதில் 164 அந்த அறுவை சிகிச்சைக்குப் பின் வந்தவை. இன்று அந்தச் சிகிச்சைக்கே 'டாமி ஜான் சர்ஜரி' என்றுதான் பெயர். மருத்துவர் பெயரில் இல்லை, நோயாளியின் பெயரில்.

ரேடியோவில் நான் இங்கேதான் நிறுத்தினேன். நல்ல முடிவு, பாட்டு போடலாம். ஆனால் ஜோப்பின் தொழில் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

அவர் உடனே வரிசையாக ஆட்களைப் படுக்க வைத்து அறுக்கத் தொடங்கவில்லை. டாமி ஜானுக்கு என்ன ஆகிறது என்று காத்திருந்து பார்த்தார். இரண்டாவதாக இந்தச் சிகிச்சை பெற்றவர் ப்ரென்ட் ஸ்ட்ராம், 1978-ல். அவர் பெரிய ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை. பின்னாளில் பிட்சர்களுக்குப் பயிற்சியாளராகப் பெயர் வாங்கினார், அது வேறு கதை. ஜோப் தன் முடிவுகளை மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டது 1986-ல். முதல் சிகிச்சைக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. அதில் 16 விளையாட்டாளர்களின் கணக்கு இருந்தது: 10 பேர் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். மற்ற ஆறு பேரையும், நரம்புத் தொல்லை வந்தவர்களையும் மறைக்காமல் எழுதினார்கள். நேற்றுச் செய்ததை இன்று காலைக்குள் பதிவேற்றிவிடும் என் போன்றவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டு கொஞ்சம் உறுத்துகிறது.

இன்னொன்றும் செய்தார். எறியும்போது தோளில் எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, சின்னச் சின்ன எடைகளை வைத்துச் செய்யும் பயிற்சிகளை வகுத்தார். பெரிய எடை தூக்கிப் பழகிய வீரர்கள் முதலில் ஏளனமாகப் பார்க்கும் அளவுக்குச் சின்ன எடை. கத்தியே தேவைப்படாமல் இருக்கட்டும் என்று கத்தி பிடிப்பவரே உழைத்தார்.

அவர் கண்டுபிடிப்புக்கு ஒரு பக்கவிளைவும் வந்தது. அது உடம்பில் வந்ததல்ல. டாமி ஜான் திரும்பி வந்ததைப் பார்த்துப் பார்த்து, அறுந்தால் என்ன, தைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கப் பெற்றோர் நினைக்க ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருடம் முழுவதும் ஓய்வில்லாமல் எறிந்தார்கள். 2007 முதல் 2011 வரையிலான காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 15 முதல் 19 வயதினர் என்று தெரிந்தது. 2012-ல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் மோசம்: கேட்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், அடிபடாத கைக்கும் இதைச் செய்துகொள்ளலாம், வேகம் கூடும் என்று நம்பினார்கள். கூடாது. நல்ல கையைத் திறந்தால் கிடைப்பது ஒரு வருட ஓய்வும் ஒரு தழும்பும்தான். ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் போன்ற புகழ்பெற்ற விளையாட்டு அறுவை மருத்துவர்களே, பிள்ளைகளை என்னிடம் கொண்டுவராமல் பாருங்கள் என்று பிரசாரம் செய்யும் நிலை வந்தது. 2014-ல் பேஸ்பால் நிர்வாகம் வயதுக்கு இத்தனை பந்துதான் என்று பரிந்துரை வெளியிட்டது. 11, 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 85. ஜோப் அதே ஆண்டு மார்ச்சில், 88 வயதில் காலமானார்.

இந்த இடத்தில் அமெரிக்கப் பெற்றோரைப் பார்த்து நாம் சிரித்துக்கொள்ள முடியாது. பூப்பந்துப் பயிற்சிக்கு வாரம் ஆறு நாள், ஞாயிற்றுக்கிழமை போட்டி, தோள் வலி என்றால் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு மறுபடி உள்ளே என்று ஓடும் பிள்ளைகள் நம் பக்கத்து வீட்டிலும் இருக்கிறார்கள்.

'என் மகள் இந்தத் துறைக்குப் போகலாமா' என்று ஒரு நேயர் அன்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். தாராளமாக. மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, பயிற்சி மருத்துவராக 2 ஆண்டு, எலும்பு மருத்துவ முதுகலை 4 ஆண்டு. இடம் கிடைக்கக் காத்திருக்கும் காலமும் அதற்குமேல் விளையாட்டுக் காயங்களுக்கான சிறப்புப் பயிற்சியும் தனி. கத்தி எடுக்காத விளையாட்டு மருத்துவம் என்று வேறொரு பாதையும் இருக்கிறது; பெரும்பாலான காயங்கள் அவர்களிடமே தீர்ந்துவிடும். நட்சத்திரங்களோடு எடுத்துக்கொள்ளும் படம் எப்போதாவது ஒன்று. மற்ற நாள்களில், தன் உயிரே இந்த ஆட்டம்தான் என்று நினைக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பையனிடம், அவன் அம்மா முறைத்துக்கொண்டிருக்க, 'வாக்குக் கொடுக்க முடியாது' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

தம்பிக்குத் தொடையின் பின்பக்க நாணை எடுத்து முட்டிக்குள் வைத்தார்கள். மூன்றாவது மாதம் வலி சுத்தமாகப் போய்விட்டது. "இனிமேதான் ஜாக்கிரதை" என்றார் அந்த மருத்துவர். புதிதாக வைத்த நாண் முதல் சில மாதங்களில் பலம் இழந்து, பிறகுதான் மெல்ல மெல்ல முட்டியின் சொந்த நாராக மாறுமாம். ஆளுக்கு வலி இல்லை, நாருக்குப் பலம் இல்லை. எத்தனையோ பேர் மறுபடி அறுத்துக்கொண்டு வருவது அவசரத்தால்தானாம்.

ஒரு நாள் இரவு அவனிடம் கேட்டேன், ஏன் அன்றைக்கு அந்த டாக்டரைத் தேர்ந்தெடுத்தாய் என்று.

"முதல் டாக்டர் அம்மாகிட்ட பேசினாரு அக்கா. இவர் என்கிட்ட பேசினாரு."

போன சனிக்கிழமையோடு ஒன்பது மாதம். ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கும் சோதனையில், அடிபட்ட கால் நல்ல காலின் அளவில் பத்தில் எட்டுப் பங்குதான் எட்டியது. ஒன்பது பங்காவது வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று மாலை தம்பி ஃபுட்சல் மைதானத்துக்குப் போனான். ஒரு ஆள் குறைகிறது, பத்து நிமிடம் மட்டும் வாடா என்று கூட்டாளிகள் கூப்பிட்டார்களாம்.

அம்மா பதறிப்போய் என்னை அனுப்பினார். நான் போனபோது, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து யார் எத்தனை கோல் என்று எழுதிக்கொண்டிருந்தான்.