புரைக்கேறினால் தலையில் தட்டினால் மட்டும் போதுமா?



சாப்பிடும்போது புரைக்கேறினால், "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். எங்கள் உம்மம்மாவுக்கும் ஒரு வருடமாக அப்படித்தான் தட்டினோம்.

பிளேன்டீ குடித்தால் இருமுவார். சோற்றுக்கு ஆணம் அதிகம் ஊற்றச் சொல்வார். கல்யாண வீட்டில் சஹனில் உட்காரமாட்டார். "எனக்குப் பசியில்ல மகள், நீங்க தின்னுங்க" என்பார். வயசாகிவிட்டது, வாய்க்கு ருசியில்லை என்று நாங்களே முடிவெடுத்தோம். உண்மையில் அது வெட்கம். நாலு பேருக்கு முன்னால் இருமி, சோறு வெளியே வந்துவிடுமோ என்ற பயம்.

பிறகு நெஞ்சில் சளி கட்டி, மூன்று மாதத்தில் இரண்டு தடவை வார்டில் படுத்தார். இரண்டாவது தடவைதான் ஒரு டொக்டர் கேட்டார்: "தண்ணி குடிக்கும்போது இருமல் வருமா?" அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாதா மாதம் கிளினிக் போகிறோம். பிரஷர், சீனி பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள். விழுங்குவதைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்குள்ள கூட்டத்துக்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பாரிசவாதம், பார்க்கின்சன், மறதி நோய் உள்ள பலருக்கு விழுங்குவது சிரமமாகிறது. சாப்பாடும் தண்ணீரும் சுவாசக் குழாய்க்குள் இறங்கி நியூமோனியா வருகிறது. சிலருக்கு இருமலே வராமல் இறங்கும்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் மெஷின் தேவையில்லை. 'ஈட்-10' என்ற பத்துக் கேள்வித் தாள் 2008இல் வெளிவந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். தாள் திருத்திப் பழகிய எங்களுக்கு இது ஒரு வேலையா?

இந்த வெள்ளிக்கிழமை வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றையாவது கேளுங்கள்:

• தண்ணீர், தேத்தண்ணி குடிக்கும்போது இருமல் வருகிறதா?
• சாப்பிட்ட பின் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்கிறதா?
• மாத்திரை விழுங்கக் கஷ்டமா?
• சாப்பிட முன்னரைவிட அதிக நேரம் எடுக்கிறதா?
• உடம்பு மெலிகிறதா? நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வருகிறதா?

ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பக்கூடும். பேசாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் அவர்கள் என்று நாங்களும் நினைத்திருந்தோம். விழுங்குவதைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பதும் அவர்கள்தான்.

இன்னொன்று. பாரிசவாதம் வந்தவருக்கு, ஆஸ்பத்திரியில் விழுங்குவதைச் சோதித்துச் சொல்லும்வரை எதையும் வாயில் ஊற்றாதீர்கள். ஸம்ஸம் தண்ணீராக இருந்தாலும் பொறுங்கள். அன்பால்தான் ஊற்றுகிறோம், அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலும் பழைய மாணவர் சங்கமும் மருத்துவ முகாம் நடத்தும்போது, பிரஷர் மேசைக்குப் பக்கத்தில் இந்தக் கேள்விகளுக்கும் ஒரு கதிரை போடுவோம். கேட்டுக் குறிக்க ஆசிரியர்கள் நாங்கள் வருகிறோம்.

உம்மம்மா இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன மிடறாகக் குடிக்கிறார். போன மாதக் கல்யாணத்தில் சஹனில் எங்களோடு உட்கார்ந்தார். நாங்கள்தான் ஒரு வருடம் பிந்திவிட்டோம். நீங்கள் பிந்த வேண்டாம்.