துருவை அப்பினால் பழைய ஜீப் ஆகிவிடாது

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பை 1/35 அளவில் மாதிரியாகச் செய்தால் நீளம் ஒன்பதரை சென்டிமீட்டர்தான். ஆனாலும் அது எந்தக் காலத்து வண்டி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். 1941 இறுதியில் வந்தவற்றின் முகப்பு, இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்து உருவாக்கியது. 1942இல் ஃபோர்டு வடிவமைத்த, ஒரே தகட்டில் அச்சடித்த ஒன்பது துளை முகப்பு வந்துவிட்டது. முன் பம்பரில் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கோணம், சாலைக்குக் குறுக்கே எதிரி கட்டிய கம்பி ஓட்டுநரின் கழுத்தை அறுக்காமலிருக்கப் போர்க்களத்தில் பொருத்தியது. 1941இல் தொழிற்சாலையிலிருந்து இறங்கிய புது வண்டியில் அதை ஒட்டுவது சரித்திரப் பிழை.

இன்று பல மாதிரிகளில் துருவைத்தான் அள்ளிப் பூசுகிறார்கள். கண்ணைக் கவர்கிறது, உண்மைதான். ஆனால் போரில் ஓடிய வண்டிக்குத் துருவில் இற்றுப்போக அவகாசம் ஏது? படைவீரரின் பூட்ஸ் ஏறி இறங்கும் விளிம்பில் பெயிண்ட் உரிந்திருக்கும். பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்ததால் அங்கே சிந்திய கறை படியும். சக்கர வளைவுக்குள் சேறு காய்ந்திருக்கும். பொழுதுபோக்குக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். கற்பனை வண்டி செய்ய எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதன் கீழே நார்மண்டி 1944 என்று எழுதினால், அந்த வண்டியில் போனவர்களைப் பற்றிச் சாட்சி சொல்கிறோம். பழைய புகைப்படங்களைப் பார்த்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும்.