மொட்டை மாடியில் கரையும் தண்ணீர்

தில்லியில் மே மாத மதியம். வெளியே 42 டிகிரி. பல மாடி அலுவலகம் ஒன்றின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் உள்ளே 24 டிகிரி. அறைகளில் இருந்த சூடு எங்கே போயிற்று? அது அழிந்துவிடவில்லை. குழாய் வழியே மொட்டை மாடிக்கு ஏறி, அங்கே நீராவியோடு வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அனுப்பி வைப்பது கூலிங் டவர். மாடியில் சதா இரைந்துகொண்டிருக்கும் அந்தப் பெரிய பெட்டியைக் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களில் பலர் பார்த்ததுகூட இல்லை.

வீட்டு ஏ.சி. சூட்டை நேரே வெளிக்காற்றில் ஊதித் தள்ளுகிறது. பெரிய கட்டடங்களில் இந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. சில்லர் என்ற இயந்திரம் சுமார் 7 டிகிரிக்குக் குளிர்ந்த நீரை மாடிகளுக்கு அனுப்புகிறது. அறைகளின் சூட்டை வாங்கிக்கொண்டு அந்த நீர் 12 டிகிரியில் திரும்புகிறது. அந்தச் சூட்டோடு கம்ப்ரஸரின் சூட்டையும் சேர்த்து, இன்னொரு குழாயில் ஓடும் நீரிடம் சில்லர் ஒப்படைக்கிறது. 37 டிகிரியில் மொட்டை மாடிக்கு ஏறுவது இந்த இரண்டாவது நீர்தான்.

டவருக்குள் இது மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் தகடுகள் மீது தூவப்படுகிறது. மேலே உள்ள ராட்சத மின்விசிறி காற்றைக் கீழிருந்து இழுக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். எனவே நூறு லிட்டரில் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே ஆவியானால் போதும். மீதி 5 டிகிரி குளிர்ந்து 32 டிகிரியில் சில்லருக்குத் திரும்பும். மண் பானையின் சூத்திரம்தான். இங்கே பானைக்கு மின்விசிறி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எவ்வளவு காட்டுகிறதோ அதற்குக் கீழே டவரால் நீரைக் குளிர்விக்க முடியாது. 42 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால் அந்த எல்லை 24 டிகிரி. சென்னையில் 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் 29 டிகிரி. அதாவது தில்லியின் அனல் காற்றைவிட சென்னையின் புழுக்கம்தான் டவருக்குச் சோதனை. மே மாதத்தில் அற்புதமாக வேலை செய்யும் டெஸர்ட் கூலர், ஜூலை மழையில் தில்லிவாசிகளைக் கைவிடுவதும் இதனால்தான்.

இதற்கான விலை தண்ணீர். 500 டன் திறனுள்ள ஏ.சி. அமைப்பு முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 3,000 லிட்டருக்கு மேல் ஆவியாகிறது. பத்து மணி நேரத்தில் 30,000 லிட்டர். நீர் போனாலும் உப்பு போவதில்லை. அது படிந்து குழாய்களை அடைக்காமலிருக்க, உப்பேறிய நீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். உப்பு மூன்று மடங்கு சேரும்வரை பொறுத்தாலும் இன்னொரு 15,000 லிட்டர். மொத்தம் 45,000. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலின்படி, 330 பேரின் பங்கு.

தண்ணீரே வேண்டாம் என்று காற்றால் குளிரும் சில்லருக்கு மாறலாம். ஆனால் மின் கட்டணம் எகிறும். சுத்திகரித்த கழிவுநீரை டவருக்குத் தருவது நல்ல வழி. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த பெங்களூரில், குடிநீரால் கார் கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் தடை வந்தது. மாடியில் ஆவியாகும் நீர் கார் கழுவும் நீரைப் போலத் தெருவில் ஓடுவதில்லை. ஆகவே எளிதில் கண்ணில் படுவதுமில்லை.

கண்ணில் படாத இன்னொன்றும் உண்டு. 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. அதையொட்டி மர்மமான நிமோனியா பரவி 34 பேர் மாண்டார்கள். காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க சுமார் ஐந்து மாதங்கள் ஆயின. லெஜியோனெல்லா என்று பெயரிடப்பட்ட அதற்கு, டவரின் வெதுவெதுப்பான நீரும் அதில் படியும் பாசியும் சுகவாசம். மின்விசிறி வாரியிறைக்கும் நுண்திவலைகளைச் சுவாசிப்பவர்களுக்கு நோய் தொற்றுகிறது. 2015-இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் ஒரே ஒரு கூலிங் டவரிலிருந்து பரவிய நோய் 16 உயிர்களைக் குடித்தது. அதன் பிறகே அந்நகரம் எல்லா டவர்களையும் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் போட்டது.

தடுப்பது பெரிய வித்தையல்ல. கிருமிநாசினி, திவலைகளை மறிக்கும் தட்டிகள், முறையாகக் கழுவிய தொட்டி. இவை இருந்தால் டவர் சாதுவான இயந்திரம்தான்.

அலுவலகங்களில் ஏ.சி.யை 22-இல் வைப்பதா, 24-இல் வைப்பதா என்று தினமும் சண்டை நடக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மாடிக்கு ஏறுவது எந்தத் தண்ணீர்? தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது?