யூரியாவும் மண்ணிலுள்ள நொதியும்

யூரியாவை வீசிவிட்டால் அது பயிரைச் சேர்ந்துவிட்டதென்று குடியானவர் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. நூற்றுக்கு 46 பாகம் நைட்ரஜன் அடங்கிய இவ்வுரத்தை, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் யூரியேஸ் என்னும் நொதி, நீரின் துணையால் அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கின்றது. 1926-ஆம் வருஷத்தில் அமெரிக்க ரசாயன சாஸ்திரி ஜேம்ஸ் ஸம்னர், அவரையினத்து வித்தொன்றிலிருந்து இந்நொதியையே பளிங்குருவாகப் பிரித்தெடுத்தார்.

மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி இந்நொதியின் வேலையால் எழுவதே. வயலிலும் அந்நெடி எழுமாயின், உரத்திற்குக் கொடுத்த பணம் காற்றிற் கலக்கின்றதென்று அறிக. வெயில் மிகுந்த நாளில், ஈரமண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் உரத்திற்கு இந்நஷ்டம் அதிகம். களர் நிலத்தில் பின்னும் அதிகம். வேப்பெண்ணெய்ப் பூச்சு ஒன்றையே நம்பியிருத்தல் போதாது. அது பெரும்பாலும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதையே தாமதப்படுத்தும்.

நொதி பயிரின் பகையன்று. அம்மோனியா மண்ணுக்குள்ளே பிறக்குமாயின், களியும் மக்கும் அதனைப் பற்றிக்கொண்டு வேருக்கு அளிக்கும். ஆகவே உரத்தைப் பல தவணைகளாகப் பிரித்திட்டு, புன்செய்ப் பயிர்களுக்கு இட்டவுடன் மண்ணால் மூடுதலோ நீர் பாய்ச்சுதலோ செய்தல் வேண்டும். மூட்டைகளைக் கூட்டுவதினும் இட்டதைக் காப்பதே சிக்கனமாகும்.