ரேடியேட்டருக்குள் ஓர் உப்பளம்

"பழைய வண்டிக்கு என்ன தம்பி, தண்ணி ஊத்துனா ஓடும்!"

இந்த வசனத்தை முதலில் சொன்னவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். எங்கள் வீட்டு ரிப்பேர் பில்லை அவருக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் ஐயா வாங்கிய அம்பாசடர் 1984 மாடல், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். போன சித்திரையில் அப்பத்தாவை உத்தரகோசமங்கைக்குக் கூட்டிப் போய்விட்டுத் திருப்புல்லாணி திரும்பும் வழியில் வெப்ப முள் மேலே ஏறியது. அப்பா வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச தூரத்தில் முள் சடாரென்று இறங்கிவிட்டது. "சூடு தணிஞ்சிருச்சு" என்று அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும்தான். உண்மையில் தணியவில்லை, தண்ணீர் தீர்ந்துவிட்டது! சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் முள் ஒழுங்காகக் காட்டும். வெறும் ஆவியில் நின்றால் பொய்தான் சொல்லும். அதை நம்பி இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினோம். ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டும் வளைந்துபோச்சு.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், தண்ணீர் ஓடும் பாதை முழுக்க வெள்ளைக் காறை. அப்பத்தாவின் வெந்நீர் அண்டா அடியில் படிந்திருக்குமே, அதே சரக்கு. வருடக்கணக்காக எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். சேதுக்கரைக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் போர் தண்ணீர் எப்படி இருக்கும்? நாம் வாயில் வைக்காத தண்ணீரை எஞ்சினுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு போவதில்லை. குறைந்த அளவுக்கு மறுபடி ஊற்றுகிறோம், புது உப்பு சேர்கிறது. மறுபடி ஆவி, மறுபடி உப்பு. வாலிநோக்கத்தில் பாத்தி கட்டிச் செய்கிற வேலையை நாம் பானட்டுக்குள் செய்கிறோம். சுண்ணாம்புக் காறை சூட்டை வெளியே விடாது. குளோரைடு இரும்பை அரிக்கும்.

"அந்தக் காலத்துல கூலன்ட் ஏதுப்பா? எங்க டிரைவர் வெறும் தண்ணியிலயே ராமேஸ்வரம் போய்ட்டு வருவாரு" என்பார்கள். சரிதான். ஆனால் அந்த டிரைவர் எந்தத் தண்ணீரை ஊற்றினார்? ஐயா காலத்தில் எங்கள் வண்டி டிக்கியில் எப்போதும் ஒரு கேன் ஊருணித் தண்ணீர் இருக்குமாம். ஊருணி என்பது மழைத் தண்ணீர். போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் அதில் உப்பு கொஞ்சம்தான். தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் மூடியைத் திறந்து பார்த்தும் இருக்கிறார். நாம் ஊருணியை விட்டோம், காலைப் பழக்கத்தையும் விட்டோம், "வெறும் தண்ணி" என்ற பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அடுத்தவர் தெர்மோஸ்டாட் எதிரி. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி வீசிவிடுவார். எங்கள் வண்டியிலும் ஒரு அண்ணன் செய்தார் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷன்). வெயில் 40 டிகிரி என்றாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். சுமார் 80 டிகிரிக்கு வந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அந்தச் சூடு சீக்கிரம் வராவிட்டால் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், ஆயிலில் சேரும் ஈரம் காயாமல் கசடாகும்.

கூலன்ட் என்றால் உறையாமல் இருக்க ஊற்றுவது, ராம்நாட்டில் எங்கே பனி பெய்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது அதிலிருக்கும் துரு தடுப்பு மருந்து. கூடவே, பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி. இந்த வண்டிகளின் செம்பு-பித்தளை ரேடியேட்டரில் ஈயப் பற்றவைப்பு இருக்கிறது. அதனால் சிலிக்கேட் கலந்த பழைய வகைதான் பொருந்தும். நிறத்தைப் பார்த்து வாங்காமல் டப்பாவைப் படித்து வாங்குங்கள். கலக்க டிஸ்டில்டு வாட்டர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? தேய்மானக் கணக்கு எழுதுகிறவன் என்பதால்தான். புத்தக மதிப்புப்படி எங்கள் வண்டி எப்போதோ செல்லாக்காசு. அம்பாசடர் தயாரிப்பே 2014ல் நின்றுவிட்டது. இனி ஒரு எஞ்சின் பாழானால் அது பாழானதுதான். கல்யாண ஊர்வலத்துக்குப் பூ சுற்றி, போட்டோ எடுத்து "கெத்து" என்று போடுகிறவர்களில் எத்தனை பேர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார்கள்? ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்), ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகப்படலாம். மேலே எண்ணெய் மிதந்தாலும் அப்படித்தான். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா, வாட்டர் பம்ப் கீழே சொட்டுகிறதா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். பாலிஷ் போட ஒரு மணி நேரம் இருக்கிறதல்லவா?

வண்டி இப்போது ஓடுகிறது. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, ரேடியேட்டரைப் பிரித்துக் குச்சி விட்டுச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டும் திரும்ப வந்துவிட்டது. போன வாரம் வடித்த பழைய கூலன்டை வாளியில் வைத்திருந்தேன். அது இனிக்கும், ஆனால் விஷம். அப்பத்தா ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் மூடி போடும் வரை நகரவில்லை.