மருந்தின் விலையும் நோயாளியின் இழப்பும்: கணக்கை யார் எழுதுவது?

பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்தின் மீதான தனியுரிமையை 2027 வரை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அதை நிராகரித்தது. எதிர்த்து மனு செய்தவர்களில் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் முக்கியமானவர்கள். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். சிகிச்சையின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர்கள். அந்த இழப்பு மருந்துச் செலவின் எந்தப் பத்தியில் எழுதப்படும்?

இக்கேள்விக்கு விடை தேடும் துறையே மருந்தியல் பொருளாதாரம். அது செலவை மூன்றாகப் பிரிக்கிறது. மருந்து, பரிசோதனை, மருத்துவமனை ஆகியவை நேரடி மருத்துவச் செலவு. பேருந்துக் கட்டணம், உணவு, துணைக்கு வருபவரின் செலவு ஆகியவை நேரடியானவை, ஆனால் மருத்துவம் சாராதவை. இழந்த கூலி மறைமுகச் செலவு. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பின்னிரண்டும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. ஒரு காசநோயாளியின் குடும்பம் சுமக்கும் மொத்தச் செலவு அதன் ஆண்டு வருமானத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டினால், உலக சுகாதார நிறுவனம் அதைப் பேரழிவுச் செலவு என்கிறது.

இரு மருந்துகளின் விலையை மட்டும் ஒப்பிடுவது, அவற்றின் பலன் சமம் என்று நிறுவப்பட்டால் மட்டுமே நியாயம். பழைய கானமைசின் ஊசி விலை குறைந்தது. ஆனால் பல மாதங்கள் ஊசிக்காக அலைய வேண்டும். செவித்திறன் போகும் அபாயமும் உண்டு. பெடாகுவிலின் வாய்வழி மாத்திரை. விலை கூடுதல், ஈசிஜி கண்காணிப்பும் தேவை. எனவே, கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கூடுதலாகக் கிடைக்கும் நலம் எவ்வளவு என்பதே சரியான கேள்வி. அந்நலத்தை அளக்க, முழு நலத்துடன் வாழும் ஓராண்டை 1 எனக் கொள்கிறார்கள். குறைபாட்டுடன் வாழும் ஆண்டு அதற்கும் கீழே. உயிர் பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் நந்திதாவின் செவித்திறன் கணக்கில் வராது; இந்த அளவுகோலில் வரும். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் கானமைசினைக் கைவிடப் பரிந்துரைத்தது.

ஆயினும் கணக்கின் முடிவு, அது யாருடைய பார்வையில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அரசின் பார்வையில் மட்டும் எழுதினால், தூய்மைப் பணியாளர் இழக்கும் நாட்கூலி எங்கும் பதிவாகாது. சமூகத்தின் பார்வையில் எழுதினாலும் ஒரு பொறி உண்டு. இழந்த உழைப்பைச் சந்தைக் கூலியால் மதிப்பிடும் முறையில், ஒரு மேலாளர் படுத்த நாள் பெரிய இழப்பு. கல்குவாரித் தொழிலாளி படுத்த நாள் சிறிய இழப்பு. சாதி எந்தத் தொழிலை யாருக்கு ஒதுக்கியதோ, எந்தக் கூலியைக் கீழே வைத்ததோ, அதே ஏற்றத்தாழ்வு கணிதத்தின் பெயரால் மீண்டும் எழுதப்படுகிறது. கல்தூசு காசநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது அறியப்பட்ட உண்மை. அதிக அபாயத்தில் உழைப்பவரின் இழப்பே குறைவாக மதிப்பிடப்படுவது இரட்டை அநீதி.

விலையும் இயற்கை விதியன்று. 2023 ஜூலையில் மூலக் காப்புரிமை முடிந்தது. அடுத்த மாதமே, உலக நாடுகளுக்குக் காசநோய் மருந்து வாங்கித் தரும் அமைப்பின் வழியாகக் கிடைக்கும் பெடாகுவிலினின் 6 மாத விலை, முன்பிருந்ததில் பாதிக்கும் கீழாக, 130 டாலருக்குக் குறைந்தது. மருந்து மாறவில்லை, நோயும் மாறவில்லை. பலனுக்கு ஏற்ற செலவா என்ற விடை மட்டும் மாறியது. அதை மாற்றியதில் நோயாளிகளின் போராட்டத்துக்கும் பங்குண்டு.

மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிட இந்திய அரசு 2017-இல் தனி அமைப்பை உருவாக்கியது. அதன் அறிக்கைகளை மாணவர்களும் களப்பணியாளர்களும் படிக்க வேண்டும். யாருடைய பார்வை, எந்தச் செலவு விடுபட்டது, கூலி எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்று கேட்க வேண்டும். பயணச் செலவையும் கூலி இழப்பையும் சாதி, தொழில் வாரியாகத் திரட்டி வெளியிடக் கோர வேண்டும். கணக்கில் இடம்பெறாதவரின் துயரம் கொள்கையிலும் இடம்பெறாது.